குளிப்பாட்டும் நேரத்துப் பேச்சு

2019 டிசம்பர் 12 — கேள்விப் பரிசோதனை — ரூபா 9,500
2020 பெப்ரவரி 3 — இரு காதுக்கும் சாதாரண மெஷின் — ரூபா 148,000
2021 ஜனவரி 18 — சத்திரசிகிச்சையில் பொருத்திய கருவி, குடும்பத்தின் பங்கு — ரூபா 1,350,000
2021 மார்ச் 2 — ஈரம் உறிஞ்சும் பெட்டி — ரூபா 6,200
2021 மார்ச் 3 — படக் கார்ட், ஒரு கட்டு — ரூபா 850
2022 ஜூலை 14 — கண்டிக்கு முச்சக்கர வண்டி, போகவர — ரூபா 5,000
2023 ஓகஸ்ட் 22 — மெஷினுக்குப் புதிய வயர் — ரூபா 38,000
2024 செப்டெம்பர் 30 — கண்டிக்கு பஸ், மூவர், போகவர — ரூபா 420

ஷஹ்மா என்ற ஒரு பிள்ளையின் காதுக்காக மடவளையில் ஒரு குடும்பம் செலவழித்தவற்றில், பற்றுச்சீட்டோ சாட்சியோ உள்ளவை இவை. பிள்ளையின் உம்மா றமீஸா செலவழித்தது இதில் இல்லை.

றமீஸா பிறந்தது அக்குறணையில், 1991ஆம் ஆண்டு. வாப்பா ஒரு பாத்திரக் கடையில் வேலைக்கு நின்றவர். ஐந்து பிள்ளைகளில் இவள் கடைசி, பேச்சில் முதல். காலையில் கண்ணைத் திறந்ததும் தொடங்கினால் இரவு கண்ணை மூடும் வரைக்கும் அந்த வாய் ஓயாது. அரிசி களையும்போது அரிசியோடு பேசுவாள். கோழிக்குத் தீனி போடும்போது, முந்தின நாள் எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்தியது என்று விசாரணை நடத்துவாள். தொலைபேசிக் கம்பனியிலிருந்து பதிவு செய்த குரல் வந்தால்கூட, “சரி சரி, வீட்ல எல்லாரும் சொகமா?” என்று கேட்டு வைப்பாள்.

மடவளையிலிருந்து கலியாணம் பேசி வந்தபோது மூத்தவள் மஸாஹிரா வந்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டாள். “எங்கட தங்கச்சி நல்லா சமைப்பா, தைப்பா, அஞ்சு வேளயும் தொழுவா. வாய் மட்டும் மூட மாட்டா. பொறகு வந்து எங்களுக்கிட்ட குத்தம் செல்லப்படாது.”

மாப்பிள்ளை அமான் கட்டுகஸ்தோட்டையில் ஓர் இரும்புக்கடையில் பில் எழுதுபவன். ஒரு வாக்கியத்துக்கு மேல் ஒரே மூச்சில் பேசாதவன். அவன் தலையைக் குனிந்துகொண்டே, “நல்லம் ராத்தா. ஊட்டுக்கு ரேடியோ வாங்கத் தேவல்ல” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடேயே கலியாணம் முடிவானது.

ஷஹ்மா பிறந்தது 2018 ஏப்ரல் 6ஆம் திகதி. வழக்கப்படி அமான் குழந்தையின் வலது காதில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னான், இடது காதில் தொழுகை தொடங்கும் இகாமத் சொன்னான். இரண்டையும் அந்தக் குழந்தை கேட்கவில்லை என்பது வீட்டாருக்குத் தெரிய ஏறக்குறைய இருபது மாதம் ஆனது. பக்கத்து வீட்டுக் கலியாணத்தில் வெடிக்கட்டொன்றைக் கொளுத்தினார்கள். மதிலில் இருந்த காகங்கள் ஒன்றும் மிஞ்சாமல் எழும்பிப் பறந்தன. ஷஹ்மா படியில் இருந்து பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தாள். றமீஸா பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று கை தட்டினாள். பிறகு சட்டியைத் தட்டினாள். பிறகு பெயரைச் சொல்லிக் கத்தினாள். பிள்ளை பிஸ்கட்டைத் தின்று முடித்துவிட்டு, காகங்கள் எங்கே போயின என்று பார்த்தது.

சாதாரண மெஷின் உதவாது, தலைக்குள் கருவி வைக்க வேண்டும் என்றார்கள் வைத்தியர்கள். கொரோனா வந்து ஒரு வருடத்தைத் தின்றது. சத்திரசிகிச்சை நடக்கும்போது பிள்ளைக்கு மூன்று வயதை எட்ட மூன்று மாதம்கூட இல்லை. வைத்தியர் ஒளிக்காமல் சொன்னார்: கருவி சத்தத்தைத்தான் கொடுக்கும், பேச்சை வீட்டார்தான் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூட வயதுக்குள் பேச்சு வந்தால் பிள்ளை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். வராவிட்டால், செவிப்புலனற்ற பிள்ளைகளின் பாடசாலையில் விடுதியில் சேர்க்க வேண்டியிருக்கும். மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரலாம்.

“விடுதிக்கா?” என்று றமீஸா கேட்டாள். “ராவைக்கி என்ட வயித்துல கால் போடாட்டி இவளுக்கு தூக்கம் வராது டொக்டர்.”

மெஷினை முதன்முதலாக இயக்கிய நாள் 2021 மார்ச் 2. காதுக்குப் பின்னால் கொளுவும் சிறிய மெஷின்; அதிலிருந்து ஒரு வயர்; வயரின் நுனியில் ஐந்து ரூபா நாணயக் குற்றியளவு வட்டம். அந்த வட்டம் காந்தத்தால் தலைத்தோலில் ஒட்டிக்கொள்ளும். அது கழன்றால் ஷஹ்மாவுக்கு உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் சிங்களப் பிள்ளை, பொறுமையானவள். இயக்குவதற்கு முன் அமான் அவளிடம் கூச்சத்தோடு அனுமதி கேட்டான்: பிறந்தபோது சொன்ன பாங்கு வீணாய்ப் போயிற்று, முதல் சத்தமாக அதையே திரும்பச் சொல்லலாமா என்று. அவள் தலையாட்டினாள். அமான் கதிரைக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு, மெஷினுக்கு நேரே, இரகசியம் சொல்வதுபோல் பாங்கு சொன்னான். ஷஹ்மா திடுக்கிட்டு, உதட்டைப் பிதுக்கி, பெரிதாக அழுதாள். அமானும் அழுதான்.

றமீஸாவிடம் அந்த நாளுக்கென்று ஒரு வசனம் இருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாகத் திருத்தித் திருத்தி வைத்திருந்தது. “மகள், நான்தான் ஒங்கட உம்மா.” வாயைத் திறந்தாள். அதற்குள் மிஸ் கையை உயர்த்தி அறிவுரை சொல்லத் தொடங்கிவிட்டாள். பல பாஷையில் பேசி இந்தப் பிள்ளையைக் குழப்ப வேண்டாம். “எக்க பாஷாவக் விதராய், ஹொந்தத?” ஒரே ஒரு பாஷை மட்டும், சரியா? பிறகு இன்னொன்றும் சொன்னாள். அது வீட்டில் பேசும் பாஷையாக இருந்தால் நல்லது. கட்டுகஸ்தோட்டைச் சந்தையில் விலை பேசுமளவு சிங்களம் றமீஸாவுக்குத் தெரியும். இரண்டும் விளங்கின. அமானுக்கும் விளங்கின.

வரும் வழியில் பஸ்ஸில் அமான் முடிவெடுத்தான்.

“இங்கிலீஷ்” என்றான்.

“ஊட்டுப் பாஷ எண்டுதானே அந்த மிஸ் சென்னா?”

“நல்லம் எண்டுதான் சென்னா. கட்டாயம் எண்டு செல்லல்ல.” அமான் வழமைக்கு மாறாக நிறையப் பேசினான். “யோசிச்சிப் பாரு. மத்தப் புள்ளயளுக்கு மூணு பாஷ. ஒண்டு உதவாட்டி மத்தது உதவும். இவளுக்கு ஒண்டே ஒண்டு. தமிழ மட்டும் வெச்சிக்கிட்டு இவ எங்க போற? பேங்குக்குப் போனா? கந்தோருக்குப் போனா? ஒண்டுதான் எண்டா சோறு போடுற பாஷயக் குடுப்போம்.”

“எனக்கு அது வராதே.”

“நான் செல்லித் தாரேன்.”

“அது வரைக்கும் நான் என்னத்தப் பேச?”

அமான் யன்னலால் வெளியே பார்த்தான். “பேசாம ஈந்தா புள்ள கொழம்பாது” என்றான்.

அவன் கெட்ட மனிதன் அல்ல. கருவிக்காகத் தன் உம்மா எழுதி வைத்த காணித்துண்டை விற்றவன். கடைக்கு வரும் இங்கிலீஷ் பட்டியல்களைத் தானே படித்துப் பழகியவன். அந்தப் பாஷை தெரிந்ததால்தான் தனக்கு மூட்டை தூக்காத வேலை கிடைத்தது என்று அறிந்தவன். றமீஸா பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சையில் இங்கிலீஷில் தோற்றவள். அந்தத் தோல்வி அவளுடைய வாயை அன்றைக்கு அடைத்தது. அவள் அவனோடு சண்டை பிடித்திருக்கலாம். அவளைத் தெரிந்த எவரும் அப்படித்தான் எதிர்பார்த்திருப்பார்கள்.

மிருகங்களின், பறவைகளின் சத்தத்தில் தொடங்கச் சொல்லியிருந்தாள் மிஸ். அடுத்த நாளே அமான் கண்டியில் ஒரு கட்டுப் படக் கார்ட் வாங்கி வந்தான். ஒரு பக்கம் படம், மறுபக்கம் அதன் சத்தத்துக்கு இங்கிலீஷ் சொல். மாலையில் அவன் கடையிலிருந்து வந்ததும், பிள்ளை முற்றத்தில் கோழிகளோடு நிற்கும் நேரத்தில், முதலில் றமீஸாவுக்குப் பாடம் நடக்கும்.

“க்ரோ?”

“கோ.”

“ஸ்பேரோ?”

“சேர்ப்.”

“கோழிக் குஞ்சு?”

“சேர்ப்.”

“இல்ல. குஞ்சுக்கு சீப். ஹென்னுக்கு க்ளக். டக்குக்கு க்வேக்.”

“சேர்ப்புக்கும் சீப்புக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் ஒரே சத்தம்தானே?”

“இங்கிலீஷ்ல வேற.”

“அந்தக் குருவிக்குத் தெரியுமா?”

அமான் சிரித்தான். றமீஸாவும் சிரித்தாள். அந்த மாதங்களில் அந்த வீட்டில் சிரிப்பு இருந்தது. டவ் கூ, அவுல் ஹூட், ஃப்ரொக் க்ரோக், மவுஸ் ஸ்குவீக் என்று றமீஸா பாடமாக்கினாள். பள்ளிக்கூடத்தில் காகம் கரையும், ஆந்தை அலறும், கோழி கொக்கரிக்கும், எலி கீச்சிடும் என்று மரபுச்சொல் பாடமாக்கி முழுப் புள்ளி வாங்கியவள்தான். “அது எல்லாம் எங்கட்டயும் ஈக்கிதானே” என்று ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அமான் கார்டைப் புரட்டினான். சுவரிலிருந்து பல்லி சொன்னது.

“பல்லிக்கி என்ன?”

“அதுக்கு கார்ட் இல்ல.”

ஆகவே பகல் முழுக்க, பிள்ளையின் தலையில் வட்டம் ஒட்டியிருக்கும் நேரமெல்லாம், றமீஸாவிடம் இருந்தது அந்தக் கட்டுக்குள் அடங்கிய சொற்கள் மட்டும். காலையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நிற்பாள். பள்ளிவாசல் மதிலில் காகம் வந்து இருக்கும். “கோ” என்பாள். கோழி வரும். “க்ளக்.” பிறகு கோழியும் காகமும் போய்விடும். இவளும் பிள்ளையும் நிற்பார்கள். சோறு ஊட்டும்போது ஒன்றும் இல்லை. சட்டை மாட்டும்போது ஒன்றும் இல்லை. விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தாலும், தூக்கி அணைத்து, வாயை மூடிக்கொண்டு முதுகைத் தடவுவாள். ஒரு சொல் தவறி வந்தால் இவ்வளவு நாள் காத்திருப்பும் விற்ற காணியும் வீணாகிவிடும் என்று நம்பினாள். சொல் தொண்டைக்கு வந்தால் உதட்டைக் கடிப்பாள். அந்தக் காலத்தில் அவளுடைய கீழ் உதட்டில் எப்போதும் ஒரு புண் இருந்தது.

ஏப்ரல் மாதம் குயில் கூவியது. அதற்கும் கார்ட் இல்லை.

ஆனால் குளிப்பாட்டும்போது மெஷினைக் கழற்ற வேண்டும். தண்ணீர் படக்கூடாது. அது பெட்டிக்குள் இருக்கும் நேரத்தில் பிள்ளைக்கு ஒன்றும் கேட்காது. ஒன்றும் கேட்காத பிள்ளையை எந்தப் பாஷையும் குழப்பாது. இதைக் கண்டுபிடித்த நாளில் றமீஸாவுக்கு மூச்சு வந்தது.

பின்னேரம் ஐந்து மணிக்குக் கிணற்றடியில் வாளியை வைத்ததும் தொடங்குவாள். அந்த நாள் முழுவதும் வாய்க்குள் தேங்கியதெல்லாம் கொட்டும். “என்ட தங்கப் புள்ள, இண்டைக்கி அந்த வெள்ளக் கோழி செஞ்ச வேலயப் பாத்தீங்களா? களவாணி! குஞ்சுட தீனியத் தின்னுட்டு ஒண்டும் தெரியாத மாதிரி நிக்கிது. வாப்பா வரட்டும், கோட்டுல ஏத்துவோம்…” தலைக்கு சவர்க்காரம் போட்டுக்கொண்டே கண்ணை உருட்டுவாள், கோழி மாதிரி கழுத்தை வெட்டுவாள், அழுவாள், சிரிப்பாள். ஷஹ்மா அவளுடைய வாயையும் முகத்தையும் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். துவட்டி, சட்டை மாட்டி, வட்டத்தை ஒட்டியதும் றமீஸாவின் முகம் அடங்கிவிடும்.

ஒருநாள் அக்குறணையிலிருந்து மஸாஹிரா வந்தாள். பலகாரப் பையைக் கொடுத்து, தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு கேட்டாள்:

“என்னடி, வாயத் தச்சி வெச்சீக்காங்களா? வந்து அர மணித்தியாலமாகுது, ஒரு சத்தத்தக் காணல்ல.”

றமீஸா பிள்ளையைக் காட்டி, விரலை உதட்டில் வைத்தாள். அடுப்படிக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

“அப்ப புள்ளக்கி நீ என்னத்தத்தான் பேசுற?”

“கோ. சேர்ப். கூ.”

மஸாஹிரா முதலில் சிரித்தாள். தங்கையின் உதட்டுப் புண்ணைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். “அல்லாஹ்வே. நீ பேசாம ஈக்கிற ஊட்ட நான் பாப்பேன் எண்டு நெனக்கவே இல்ல” என்றாள். “இது சரியாப் போகுமா தங்கச்சி?”

“படிச்சவங்க சென்னது.”

“படிச்சவங்க சென்னதா, ஒன்ட மாப்புள சென்னதா?”

றமீஸா கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

2022இல் நாடு படுத்தது. பெற்றோல் இல்லை, பஸ் இல்லை. பயிற்சிக்குப் போகும் நாட்கள் மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு அதுவும் தவறியது. செப்டெம்பரில் அந்த மிஸ் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டாள். அவளுடைய அறை பல மாதம் பூட்டியிருந்தது. ஷஹ்மாவுக்கு ஐந்து வயதானது. அவள் “கூ” என்பாள், “கோ” என்பாள். புறாவைக் கண்டால் கூ. காகத்தைக் கண்டால் கோ. அமானைப் பார்த்து ஒன்றும் சொல்லமாட்டாள். றமீஸாவைப் பார்த்தும் ஒன்றும் சொல்லமாட்டாள். மனிதர்களுக்கு கார்ட் இருக்கவில்லை.

புதிதாக வந்தவள் நிவேதிகா, சாவகச்சேரிப் பிள்ளை. 2023 ஜூனில் அவளிடம் முதன்முதலாகப் போனபோது அமானுக்கு லீவு கிடைக்கவில்லை. றமீஸா தனியாகப் பிள்ளையோடு போனாள். தமிழில் பேசும் மிஸ்ஸைக் கண்டதும் அவளுக்குக் கதிரையில் ஒழுங்காக உட்காரக்கூடத் தெரியவில்லை.

“அம்மா, நீங்கள் வீட்டிலை பிள்ளையோடை என்ன கதைக்கிறனீங்கள்?”

றமீஸா நிமிர்ந்து, பரீட்சைக்கு ஒப்புவிப்பதுபோல் சொன்னாள். “க்ரோ கோ. ஸ்பேரோ சேர்ப். டவ் கூ. அவுல் ஹூட். டக் க்வேக். மவுஸ் ஸ்குவீக்.”

“ஓம், அது நல்லது. பிறகு?”

“அவ்வளவுதான் மிஸ்.”

“அவ்வளவுதான் எண்டா? சாப்பாடு குடுக்கேக்கை? உடுப்புப் போடேக்கை?”

“ஒண்டும் பேசுறல்ல. ஒரு பாஷதான் பேச வேணும் எண்டாங்க. நாங்க இங்கிலீஷ் எண்டு எடுத்த. எனக்கு அது வராது. அதால பேசாம ஈக்கிற.”

நிவேதிகா பேனையைக் கீழே வைத்தாள். “எவ்வளவு காலமா?”

“மெஷின் போட்ட நாள்லேந்து.”

நிவேதிகாவுக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயதிருக்கும். அவளுடைய முகத்தில் கோபம் வந்தது, பிறகு அது போய் வேறொன்று வந்தது. குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “ஒரு பாஷை எண்டது உங்கடை பாஷையம்மா. தாய் எந்தப் பாஷையிலை மூச்சு விடாமல் கதைப்பாவோ, அந்தப் பாஷை.”

“நான் மூச்சு விடாம பேசுவேன் மிஸ்” என்றாள் றமீஸா. கேட்டதா என்று சந்தேகப்பட்டவள்போல் திரும்பவும் சொன்னாள். “நான் மூச்சு விடாம பேசுவேன்.”

“அப்ப இப்ப கதையுங்கோ. என்னத்தையெண்டாலும்.”

றமீஸா பிள்ளையின் பக்கம் திரும்பினாள். இரண்டு வருடத்துக்கு மேலாக அடைத்திருந்தது. “மகள்,” என்றாள். “என்ட தங்கம்…”

ஷஹ்மாவின் முகம் மலர்ந்தது. கை மேலே போனது. வட்டத்தைத் தலையிலிருந்து பிடுங்கி உம்மாவின் மடியில் வைத்தாள். இரண்டு கையாலும் உம்மாவின் நாடியைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

“ஏன் கழட்டுறா? எப்பவும் இப்பிடியோ?”

கேள்வி முடியுமுன் றமீஸாவுக்கு விளங்கிவிட்டது. வட்டம் தலையில் இருந்தால் உம்மா பேசமாட்டாள். வட்டம் கழன்றால்தான் பேசுவாள். பிள்ளை தவறாகப் படிக்கவில்லை. வீட்டில் நடந்ததை அப்படியே படித்திருந்தது.

அன்று பின்னேரம் அமான் வந்து, வழமைபோல் கார்ட் கட்டை எடுத்தான். றமீஸா மிஸ்ஸின் அறையில் நடந்ததைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டு, கார்ட்களின் ஓரங்களை மேசையில் தட்டித் தட்டிச் சரியாக்கினான். சரியான பிறகும் தட்டிக்கொண்டேயிருந்தான்.

“நான் நல்லதுக்குத்தான் நெனச்சேன் றமீஸா.”

“தெரியும்.”

“ஊட்டுப் பாஷ எண்டு அந்த மிஸ் அண்டைக்கே சென்னா.”

“எனக்கும் கேட்டதுதானே” என்றாள் றமீஸா. “நானும் அங்கதான் ஈந்த. எனக்கு வாய் இல்லாமயா ஈந்த?”

அதற்கு மேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆளுக்காள் ஏசிக்கொண்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று மஸாஹிரா பிற்பாடு சொன்னாள்.

கல்விக் கந்தோரில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்து ஒரு வருடம் பிந்திச் சேர்க்க அனுமதி வாங்கினார்கள். 2025 ஜனவரிக்கு முன் ஒரு மதிப்பீடு நடக்கும், அதில் பிள்ளைக்குப் பேச்சு வரும் அடையாளம் இருந்தால் ஊர்ப் பள்ளிக்கூடம். றமீஸா பேசத் தொடங்கினாள். காலையிலிருந்து பேசினாள். முன்பு ஒரு வாய் பேசியதற்கு இப்போது மூன்று வாய் பேசினாள். பேசத் தொடங்கியதும் ஷஹ்மாவின் கை மேலே போகும். வட்டம் கழன்று வரும். திரும்ப ஒட்டினால் முகம் சுருங்கும். தொப்பி போட்டுப் பார்த்தார்கள். நெற்றியைச் சுற்றி பட்டி கட்டிப் பார்த்தார்கள். பட்டியைப் பிடித்து இழுத்ததில் ஒருமுறை வயர் அறுந்தது. புதியது வரும் வரையில் ஐந்து கிழமை முழு அமைதி.

நிவேதிகா ஒரு வழி சொன்னாள். சொல்லத் தயங்கித்தான் சொன்னாள். “குளிக்க வார்க்கேக்கை கதைக்கிறதை நிப்பாட்டிப் பாப்பமே அம்மா? மெஷின் இருந்தால்தான் உம்மா கதைப்பா எண்டு பிள்ளைக்கு மாறிப் பழகட்டும்.”

றமீஸா கிணற்றடியில் வாயை மூடினாள். முதல் நாள் ஷஹ்மா நுரையோடு நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் ஈரக்கையால் உம்மாவின் நாடியைப் பிடித்து ஆட்டினாள். மூன்றாம் நாள் விரலை உதடுகளுக்கிடையில் விட்டு வாயைத் திறக்கப் பார்த்தாள். உதட்டில் பழைய புண் இருந்த இடம். திறக்காதபோது, தன் தலையில் வட்டம் ஒட்டும் இடத்தைத் தடவி, அங்கே ஒன்றும் இல்லை என்று காட்டினாள். பார், இல்லை, இப்போது பேசு. றமீஸா ஒரு மாதம் தாங்கினாள். பிள்ளை குளிக்க வர மறுத்தது. மெஷின் போட்டிருக்கும்போதும் உம்மாவின் முகத்தைப் பார்ப்பதை விட்டது. கோழிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கூ, கோ என்பதும் அந்த மாதத்தில்தான் குறைந்து போனது.

“எனக்கு ஏலா மிஸ்” என்று றமீஸா போய்ச் சொன்னாள். “ஒரு தடவ வாய மூடினதே போதும்.”

நிவேதிகா வற்புறுத்தவில்லை. கிணற்றடிப் பேச்சு திரும்பவும் தொடங்கியது.

மதிப்பீடு 2024 செப்டெம்பர் 30, திங்கட்கிழமை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். நிவேதிகா ஓரமாக நின்றாள். படங்களைக் காட்டினார்கள். ஷஹ்மா புறாவைப் பார்த்தாள், பேசாமலிருந்தாள். மேளம் தட்டினார்கள், திரும்பினாள். அதை எழுதினார்கள். கடைசியாக, பழக்கமான குரலுக்கு என்ன செய்கிறாள் என்று பார்ப்பதற்கு, உம்மாவைப் பின்னால் போய் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார்கள்.

றமீஸா சுவரோரமாக நின்றாள். அமான் கதவடியில் நின்று உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தான்.

“ஷஹ்மா.”

பிள்ளையின் தோள்கள் உயர்ந்தன. அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்தது. கை மேலே போனது. வட்டத்தைக் கழற்றி, கவனமாகச் சட்டைப் பைக்குள் போட்டாள். பிறகு கதிரையில் முழுக்கத் திரும்பி, நாடியைத் தூக்கி, சிரித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“கேட்டது!” என்றாள் நிவேதிகா. “பிள்ளைக்குக் கேட்டது. தாயின்ரை குரல் எண்டு விளங்கினது.”

“கேட்டது மிஸ்” என்றார் நடுவில் இருந்தவர், எழுதியபடியே. அவர் கடுமையானவராகத் தெரியவில்லை. “பேச்சு இருக்கா எண்டுதான் எங்களுக்கு எழுதணும்.”

வரும்போது பஸ்ஸில் மூவரும் ஒரே சீட்டில் இருந்தார்கள். மூன்றரை வருடத்துக்கு முன் முடிவெடுத்ததும் இதே வழிப் பஸ்தான். மஹய்யாவ தாண்டும்போது அமான், “எனக்கு ஏசு றமீஸா” என்றான். “வாய் நெறய ஏசு.” அவள் யன்னலால் வெளியே பார்த்தாள். ஏசுவதற்கு அவளிடம் சொற்கள் நிறைய இருந்தன. பாதி தனக்கு, பாதி அவனுக்கு. பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

அதன் பிறகு பகலில் அவள் யாரோடும் அதிகம் பேசவில்லை. கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். அரிசி சும்மா களையப்பட்டது. மஸாஹிரா தொலைபேசியில் கூப்பிட்டால் ஓ, ஓ என்று கேட்டுக்கொண்டிருப்பாள். பின்னேரம் ஐந்து மணிக்கு மட்டும், மெஷினைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, கிணற்றடியில் வாளியை வைத்துத் தொடங்குவாள். இப்போது கோழிக் கதை இல்லை. விடுதியில் யார் தலை சீவி விடுவார்கள், இரவில் யார் வயிற்றில் கால் போடுவாய், நீ என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பாய் என்றெல்லாம் சொல்வாள். முகத்தை மட்டும் பழைய கோழிக் கதை முகமாகவே வைத்துக்கொள்வாள். ஷஹ்மா குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள்.

தபாற்காரர் படலையடியில் மணி அடித்ததும் அப்படியான ஒரு நேரத்தில்தான். வழமைக்குப் பிந்தி வந்திருந்தார். றமீஸா ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். கடிதம் தமிழில் இருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சிபாரிசு செய்வதற்கில்லை. வருகிற ஜனவரியில் விடுதியில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. கீழே, பிள்ளை கொண்டுவர வேண்டியவை: படுக்கை விரிப்பு இரண்டு, துவாய் இரண்டு, பெயர் எழுதிய குளிக்கும் வாளி ஒன்று.

கிணற்றடியில் ஷஹ்மா தலையில் நுரையோடு, நாடியைத் தூக்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து உம்மா பேசுவதற்காகக் காத்து நின்றாள். றமீஸா கடிதத்தை நனையாத கல்லின் மேல் வைத்தாள். வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. பிள்ளை ஈரக்கையை நீட்டி அவளுடைய நாடியைப் பிடித்தது.

அன்றைய திகதி 2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை.